சைக்கிளுக்குப் பின்னால் ஓடியவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, பிறர் தம் இலக்கை அடையத் துணைநிற்பதில் உள்ள மகிழ்ச்சி. நீ எப்படி வெல்வது, நீ எப்படி உயர்வது, நீ எப்படிச் சம்பாதிப்பது என்று சொல்லும் புத்தகங்கள் இந்த நூலகத்திலேயே ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. படியுங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவர் வெல்வதைப் பார்த்து நம் மனம் நிறைகிறதே, அந்த நிறைவைப் பற்றி அந்த அலமாரியில் அதிகம் கிடைக்காது. நம் ஊர்களில் கிடைக்கும். நம் பாட்டிமார்களின் நினைவில் கிடைக்கும். அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் உங்களைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். ஆண்டு 1991.

அப்போது நாடு முழுவதும் ஓர் அலை அடித்துக்கொண்டிருந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கு 'அறிவொளி' என்ற பெயரில் வந்தது. மாலை நேரத்தில், வேலை முடிந்து வந்த மக்களுக்கு, கோயில் திண்ணையிலும் தெருவிளக்கின் அடியிலும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்தத் தொண்டர்களில் நானும் ஒருவன். அப்போது கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பையன்.

புதுக்கோட்டையில் வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல் குவாரியில் உடைப்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், விறகு சுமப்பவர்கள். வகுப்பு நடத்தவும் பெண்கள் வேண்டும். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு அவர்கள் எப்படிப் போவது? பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதுவும் வந்தால் உண்டு. அப்பா, அண்ணன், புருஷன் என்று யாராவது ஓர் ஆண் கொண்டுபோய் விட்டால்தான் ஒரு பெண் ஊரைத் தாண்ட முடியும். இந்த நிலையில்தான் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஒரு யோசனை சொன்னார். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். எழுத்தறிவுத் திட்டத்தில் அதையும் ஒரு பாடமாக வைப்போம்.

இன்றைக்கு இதைக் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஸ்கூட்டியில் பறக்கிறார்கள். 1991இல், புதுக்கோட்டையின் உள்கிராமத்தில், சேலை கட்டிய நாற்பது வயதுப் பெண் சைக்கிள் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? டீக்கடை பெஞ்சு என்ன சொல்லியிருக்கும்? சொன்னார்கள். ஏசினார்கள். கைதட்டிக் கேலி செய்தார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டே அந்தப் பெண்கள் மிதித்தார்கள்.

அந்தத் திடலை உங்கள் கண்முன் கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போக வேண்டாத நாள். பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் வந்து நிற்கிறார்கள். சைக்கிள் சிலதுதான். கற்றுக்கொள்ள வந்தவர்களோ பல பேர். ஒருத்தி ஏறுகிறாள். முன்னே பார்க்கச் சொன்னால் சக்கரத்தைப் பார்க்கிறாள். ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆடுகிறது. பின்னால் ஒருத்தி சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் யார்? போன வாரம் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு கற்றவள். ஓட ஓட அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வியர்வை கண்ணில் இறங்குகிறது.

"விட்டுறாதீங்கக்கா! விட்டுறாதீங்க!"

"விடல, விடல. நான் பிடிச்சிருக்கேன். நீ மிதி!"

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன், நீ முன்னால பாரு!"

மூன்றாவது முறை பதில் வருவதில்லை. ஏனென்றால் அக்கா இருபதடி பின்னால் நின்றுவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாய்நிறையச் சிரித்துக்கொண்டு, தனியாகப் போகும் அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நண்பர்களே, அந்த நேரத்தில் அந்தத் திடலில் அதிக சந்தோஷம் யாருக்கு? ஓட்டிப் போகிறவளுக்கா? அவளுக்கு இன்னும் தெரியாது, தனியாகப் போகிறோம் என்று. அவளுக்குப் பயம்தான் இருக்கிறது. பின்னால் நிற்கிறாளே, மூச்சு வாங்கிக்கொண்டு, அவளுக்குத்தான் முதலில் தெரிகிறது. இவள் ஓட்டிவிட்டாள் என்பது இந்த உலகத்திலேயே முதலில் அவளுக்குத்தான் தெரிகிறது!

நான் இன்று பேச வந்த மகிழ்ச்சி அதுதான்.

1992 மார்ச் 8, உலக மகளிர் தினம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். நகரம் திகைத்து நின்றது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்துக்குப் போய் எழுதிய கணக்குப்படி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றிருந்தார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுவிட்டால், அந்த மாவட்டத்துக் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல்!

ஒரு லட்சம் பேருக்கு ஓர் ஆட்சியர் சைக்கிள் கற்றுக்கொடுக்க முடியுமா? அரசாணை போட்டுச் சைக்கிள் கற்றுக்கொடுக்க முடியுமா? ஆட்சியர் செய்தது வேறு. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். அது பெரிய வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் திடலில் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது கைகள், பெயர் தெரியாத கைகள். கற்றவள் அடுத்தவளைப் பிடித்தாள். அவள் அதற்கடுத்தவளைப் பிடித்தாள். ஒரு லட்சம் பேர் ஓட்டினார்கள் என்று செய்தி எழுதுகிறோம். அத்தனை பேருக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தி ஓடியிருக்கிறாள் என்பதை எழுத மறந்துவிடுகிறோம்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தட்டுப்பாடு ஆகிவிட்டது. பெண்கள் என்ன செய்தார்கள்? ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அதிலே குறுக்கே பார் இருக்கிறதே, சேலையோடு எப்படி என்று கேட்பீர்கள். அந்தப் பார்தான் வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. பிள்ளையை அந்தப் பாரில் உட்கார வைத்துக்கொள்ளலாம்! திட்டம் போட்டவர்கள் அறிவொளி வகுப்புக்குப் போய்வர என்று நினைத்தார்கள். பெண்களோ அதிலே தண்ணீர்க் குடத்தைக் கட்டினார்கள். பிள்ளையை ஏற்றினார்கள். விளைந்ததை எடுத்துக்கொண்டு ஒரு சந்தைக்குப் பதில் இரண்டு சந்தைக்குப் போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தை மிச்சம் பிடித்தார்கள்.

அப்படியானால் அது யாருடைய இலக்கு? ஆட்சியருடையதா, அறிவொளியுடையதா? தொடங்கி வைத்தது அவர்கள். ஆனால் மிதித்தவள் அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டாள். தன் தேவைக்குத் தகுந்தபடி அதை வளைத்துக்கொண்டாள். அப்படி வளைத்துக்கொள்ள இடம் கொடுத்ததால்தான் அது ஒரு லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது.

யாருடைய இலக்கு? இந்தக் கேள்வியை நான் இன்று திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நாம் ஊக்கம் என்ற பெயரில் செய்வதில் பாதி, நம்முடைய ஆசையை அடுத்தவர் தலையில் இறக்கி வைப்பதுதான்.

ஒரு வீட்டுக்குப் போகிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் இருக்கிறான். "என்னப்பா படிக்கப் போறே?" என்று பையனிடம் கேட்கிறோம். பதில் யார் சொல்கிறார்? அப்பா சொல்கிறார். "பயாலஜி குரூப்தான். நீட் கோச்சிங் சேர்த்தாச்சு." பையன் தரையைப் பார்க்கிறான். அந்தப் பையன் என்ன நினைக்கிறான் என்று அந்த வீட்டில் யாராவது ஒரு நாள், கையில் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து கேட்டிருப்பார்களா? அந்த அப்பா கெட்டவரா? இல்லவே இல்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டுகிறார். தூக்கம் கெட்டு உழைக்கிறார். ஆனால் அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவில்லை, ஐயா. பிள்ளையைக் கேரியரில் உட்கார வைத்துத் தானே மிதிக்கிறார். போகிற ஊரும் அவருடையது, வழியும் அவருடையது. அந்தப் பயணம் முடியும்போது பிள்ளைக்கு ஓட்டத் தெரியாது. அவருக்கும் மகிழ்ச்சி இருக்காது. பதற்றம் மட்டுமே மிஞ்சும். அடுத்தவர் வாழ்க்கையில் நம் இலக்கை வைத்தால் நமக்குக் கிடைப்பது பதற்றம். அவருடைய இலக்குக்கு நாம் கை கொடுத்தால்தான் மகிழ்ச்சி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று நம் வீடுகளில் பிள்ளைகள் இதனால்தான் வாடிப்போகிறார்கள்.

ஆனால் உடனே ஒரு கேள்வி வரும். ஒருவருக்குத் தன் இலக்கு என்னவென்றே தெரியவில்லை என்றால்? திறமை இருக்கிறது, போகும் திசை தெரியவில்லை. அப்போது நாம் சும்மா இருப்பதா?

அதற்கு விடை தேடிக் கும்பகோணம் போவோம். ஆண்டு 1880.

கும்பகோணம் கல்லூரியில் ஒரு தமிழாசிரியர். வயது இருபத்தைந்து. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்காகப் பாடம் கேட்டவர். அந்த வேலையில் இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, எனக்குப் பின் இவர்தான் என்று கைகாட்டிவிட்டுப் போன அளவுக்குப் புலமை. உத்தமதானபுரம் சாமிநாதையர். நாம் உ.வே.சா. என்று சொல்கிறோமே, அவரேதான். ஆனால் அன்றைக்கு அவர் இன்னும் நாம் அறிந்த உ.வே.சா. ஆகவில்லை!

கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, சேலம் இராமசுவாமி முதலியார் வந்து சேர்கிறார். சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று அடுக்குகிறார். பெரிய பட்டியல். வேறு யாராக இருந்தாலும் வாய் பிளந்து கேட்டிருப்பார்கள். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாக இருக்கும் பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இவர் படித்ததில்லை. புத்தகமே கண்ணில் பட்டதில்லை.

யோசித்துப் பாருங்கள். அத்தனை வருட உழைப்பை ஒருவர் ஒரு கேள்வியில் தள்ளி வைத்துவிட்டார். அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் அவமானம். நம் ஊரில் இந்த மாதிரிக் கேள்வி கேட்க ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. குத்திக் காட்டுவதை ஊக்கம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலியார் அதற்குப் பிறகு செய்ததைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். இதைப் படித்து எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்றார். கேள்வி கேட்டவர் மாணவராக உட்கார்ந்தார்! அவர் முன்சீப், அதிகாரத்தில் இருப்பவர். இவர் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர். அந்தக் காலத்தில் அந்த இரண்டு நாற்காலிக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அந்த முதலியார் பாடம் கேட்க உட்கார்ந்தார். இவருக்கோ படிக்கப் படிக்கப் பல இடம் விளங்கவில்லை. அது சமண காவியம். விளங்காத இடத்தை வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் இருந்த சைனர்களின் வீட்டுக்குப் போய் அவர்களிடம் கேட்டார். சைவ மரபில் ஊறி வளர்ந்த பண்டிதர், சைனர் வீட்டில் மாணவராக உட்கார்ந்து கேட்டார். ஒரு பிரதி போதாது என்று ஏடு தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு. 1892இல் சிலப்பதிகாரம். 1894இல் புறநானூறு. 1898இல் மணிமேகலை. 1942இல் அவர் கண்மூடும் வரைக்கும் அந்தப் பணிதான்.

இது யாருடைய இலக்கு? முதலியார் கொடுத்ததா? முதலியார் ஒரு கேள்வியைக் கேட்டார், ஒரு பிரதியைக் கொடுத்தார், பாடம் கேட்டார். சென்னைக்குப் போன பிறகும் அச்சிடச் சொல்லி உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். ஆனால் ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஏட்டைக் கண் நோகப் பார்த்து, பாடபேதம் குறித்து, கடன்பட்டு அச்சேற்றியது யார்? அந்த ஆசை சாமிநாதையருக்குள்ளே இருந்தது. அதைத் தட்டி எழுப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

இராமசுவாமி முதலியார் அரசியலிலும் பெரிய மனிதர். 1885இல் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துச் சொல்லப் போன மூவரில் ஒருவர். இன்று அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' படித்த ஒவ்வொருவருக்கும், உ.வே.சா.வைக் கேள்வி கேட்ட முதலியாராகத்தான் அவரைத் தெரியும். சிந்தாமணி அச்சாகி வந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார் என்று நினைக்கும்போது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கிறது.

கும்பகோணத்தை விட்டு வருமுன், அதே கல்லூரியில் பின்னாளில் படித்த இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் போகாமல் தேர்வில் தவறி, உதவித்தொகையை இழந்த பிள்ளை. சீனிவாச ராமானுஜன். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டியை உலகம் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியவர்தான். ராமானுஜனோடு சேர்ந்து வேலை செய்ததைத் தன் வாழ்க்கையின் பெரும் பேறாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அதே துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரைப் பற்றி.

அவரும் கணிதம் படித்தவர். ராமானுஜனுக்கு மேலதிகாரி. இரவில் நாராயண ஐயரின் திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். வீட்டில் மற்றவர்கள் தூங்கப் போன பிறகும் சிலேட்டில் பலப்பம் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ராமானுஜன் இரண்டு வரி எழுதுவார். முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு எப்படி வந்தார் என்று யாருக்கும் புரியாது. நாராயண ஐயர் சொன்னாராம்: எனக்கே புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? என் அளவுக்கு இறங்கி வந்து இடையிலே பத்து வரியாவது எழுது. எதற்கு என்றுகூட அந்தப் பிள்ளை கேட்டிருக்கலாம். அவருக்குத்தான் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே! ஆனாலும் எழுதினார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ராமானுஜனிடமிருந்து ஹார்டிக்கு ஒரு கடிதம் போனதே, அதற்கு முந்தைய இரவுகளில் சென்னையில் ஒருவர் உட்கார்ந்து, புரியவில்லை, புரியும்படி எழுது என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

தன்னைவிடப் பெரிய ஒருவனுக்குத் துணையிருக்க முடியுமா என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். முடியும். தாராளமாக முடியும். கூட உட்காருவதற்குப் பெரிய மேதையாக இருக்க வேண்டியதில்லை. இரவில் ஒரு மணி நேரம் விழித்திருக்க மனம் இருந்தால் போதும். இன்று நாம் என்ன செய்கிறோம்? தெரிந்த பெண் ஒருத்தி தேர்வுக்குப் படிக்கிறேன் என்றால், வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அவளுக்கு வேண்டியது நம் கட்டைவிரல் இல்லை. அவள் படிக்கும் அந்த ஒரு மணி நேரம் அவள் பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தேர்வு மையத்துக்கு முதல் நாளே போய் இடம் பார்த்து வர ஒரு துணை வேண்டும்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று.

அறிவொளி வகுப்பில் எனக்கு வாய்த்தவர்களில் ஓர் ஆத்தா இருந்தார். வயதுக் கணக்குப்படி அவரை வகுப்பில் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பேரப்பிள்ளை எடுத்துவிட்டவர். ஆனாலும் தினமும் வந்து ஓரமாக உட்காருவார். ஒருநாள் கேட்டேன், "ஆத்தா, உங்களுக்கு என்ன படிக்கணும்?" கையெழுத்துப் போடணும் என்பார், பஸ் போர்டு படிக்கணும் என்பார் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

அவர் சுருக்குப்பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்தார். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் மகன் போட்ட கடிதம்.

"இத நானாப் படிக்கணும் தம்பி. கடுதாசி வந்தா அந்தக் கடைக்காரர்ட்டப் போயி நிக்கிறேன். அவரு சத்தமா வாசிக்கிறாரு. தெருவே கேக்குது. எம்புள்ள எனக்கு எழுதுனத நான் கடைசியாத்தான் கேக்குறேன்."

புத்தகத்தில் இருந்த பாடத்தை நான் ஓரமாக வைத்தேன். அந்தக் கடிதத்தையே பாடமாக வைத்துக்கொண்டோம். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்பதுதான் அவருடைய அரிச்சுவடி. 'அ' தெரிந்தது. 'ம்' தெரிந்தது. 'அம்மா' தெரிந்த அன்று அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். மகனின் கையெழுத்து வேறு கோழிக் கிறுக்கல். புத்தகத்து எழுத்து ஒரு மாதிரி, அவன் எழுத்து ஒரு மாதிரி. பல நாள் முட்டி மோதினோம். நடுவில் வராமல் இருந்துவிட்டார். நாற்று நடவு. பிறகு மறுபடி வந்தார்.

ஒருநாள் புதிய கடிதம் வந்தது. தபால்காரர் கொடுத்ததைப் பிரிக்காமலே வகுப்புக்கு எடுத்து வந்தார். விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன். "நீ அங்கிட்டு இரு தம்பி" என்றார். நான் தள்ளி உட்கார்ந்தேன். உதடு அசைந்தது. விரல் வரிக்கு வரி நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது, மறுபடி பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. வகுப்பு முடியும் வரை படித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிதத்தை மடித்துச் சுருக்குப்பையில் போட்டு நாடாவை இழுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஆத்தா எழுதியிருக்காரு?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் எம்மகனுக்கும்" என்றார்.

அய்யா, என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதுவும் இல்லை. அன்று இரவு வீட்டுக்கு நான் நடந்தா போனேன்? மிதந்துகொண்டு போனேன்! ஏன் அவ்வளவு சந்தோஷம்? அவர் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டவில்லை. நான் கற்றுக்கொடுத்த எழுத்தால் என்னையே வெளியே நிறுத்தினார். அவர் வந்தது அதற்காகத்தான். தன் மகனோடு தனியாகப் பேச வந்தார். அந்தத் தனிமையை அடைந்துவிட்டார். அதற்குள் நான் எட்டிப் பார்த்தால் அவர் பட்ட பாடெல்லாம் வீண்.

சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "அவனை ஆளாக்கினதே நான்தான்." "அன்னிக்கு நான் மட்டும் இல்லேன்னா..." இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மனம் கசந்துவிடும். கொடுத்த கையே திரும்பிவந்து கணக்குக் கேட்கிறது. அந்தப் பையன் எத்தனை உயரம் போனாலும் இவர் முன்னால் குனிந்தே நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சீட்டை விட்ட பிறகும் ஓடிப்போய்ச் சைக்கிளை மறிக்கிறார்கள். இது ஊக்கமா? இது கடன். வட்டியோடு வசூலிக்கும் கடன். திடலில் நின்று சிரித்தாளே அந்த அக்கா, அவள் ஓடிப்போய் என்னாலதான் ஓட்டினே என்று சொல்லவில்லை. அவளுக்கு நேரமில்லை. அடுத்தவள் ஏறிவிட்டாள். அவள் சீட்டைப் பிடிக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த மகிழ்ச்சிக்கு இப்போது என்ன வழி என்று கேட்பீர்கள். வழி நிறையவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு தனித்தேர்வராகத் தேர்வெழுத ஆசைப்படும் தாய்மார்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாமல் பேரனிடம் கெஞ்சி நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இங்கே கட்டடம் கட்டவும் ஓட்டலில் வேலை செய்யவும் வடக்கிலிருந்து வந்து, தமிழ் எழுத்து படிக்கத் தெரியாமல் பஸ் நிலையத்தில் தவிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு தாய்க்குக் கடிதம் போடும் பிள்ளைகள்தாம். இங்கே வந்திருப்பவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், தையல் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், கணினி தெரிந்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்த மகள்களே, உங்கள் அம்மாவுக்கு ஓட்ட ஆசையா என்று கேட்டிருக்கிறீர்களா?

வாசகர் வட்ட நண்பர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதில் இரண்டு நோட்டுகள் இருக்கும். நீல அட்டை போட்டது, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு. உங்கள் பெயரையும் எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் எழுதுங்கள். சிவப்பு அட்டை போட்டது, எதையாவது கற்றுக்கொள்ளவோ தொடங்கவோ ஆசைப்படுகிறவர்களுக்கு. உங்கள் வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் யாராவது இருந்தால் அடுத்த ஞாயிறு இங்கே அழைத்து வாருங்கள். சிவப்பு நோட்டில் 'என்ன வேண்டும்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். தயவுசெய்து அவர்களுக்காக நீங்கள் அதை நிரப்ப வேண்டாம். அவர்கள் வரட்டும், அவர்களே சொல்லட்டும். எழுதத் தெரியாதவர்களாக இருந்தால், அவர்கள் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.